நுரையீரல் கழுவுநீரில் பூஞ்சை தேட: ஸ்மியரா, கல்ச்சரா, கேலக்டோமானனா, பிசிஆரா?

நுரையீரலுக்குள் உப்புநீர் விட்டு உறிஞ்சியெடுத்த கழுவுநீர் கொஞ்சமாக வந்து, சீட்டில் நான்கு சோதனையும் எழுதியிருந்தால் முதலில் ஸ்மியரைத்தான் (கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில்) பார்க்க வேண்டும். சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, அடி வண்டலில் ஒரு சொட்டோடு 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் கால்கோஃப்ளூர் சாயமும் ஒவ்வொரு சொட்டு சேர்த்தால் போதும். புற ஊதா ஒளியில் பூஞ்சைச் சுவர் பளிச்சென்று ஒளிரும். குறுகலான, தடுப்புச்சுவர் உள்ள, ஏறக்குறைய 45 டிகிரியில் கிளைக்கும் இழை என்றால் அஸ்பெர்ஜிலஸ் போல. நாடாவாக அகன்று, தடுப்பு அரிதாகி, கிட்டத்தட்ட செங்கோணத்தில் கிளைத்தால் மியூக்கர் வகை. மியூக்கருக்கு வோரிகோனசோல் என்ற பூஞ்சை மருந்து வேலை செய்யாது; அதனால் இந்த வேறுபாட்டை அன்றே தொலைபேசியில் சொல்லிவிடுவது நல்லது. ஆனால் ஃபியூசேரியமும் அஸ்பெர்ஜிலஸ் போலவே தெரியும். இனப்பெயர் ஸ்மியரில் கிடைக்காது.

அதற்குத்தான் கல்ச்சர், அதாவது பூஞ்சையைத் தட்டில் வளர்த்துப் பார்ப்பது. மருந்து எதிர்ப்பைச் சோதிக்கவும் உயிருள்ள பூஞ்சை வேண்டும். இங்கேதான் தவறுகளும் அதிகம். பாக்டீரியாவுக்குப் பழகிய கையால் 10 மைக்ரோலிட்டர் லூப்பில் தடவினால் பூஞ்சை தப்பிவிடும். வண்டலைத் தாராளமாக ஊற்றுங்கள். காசநோய்க்காக சோடியம் ஹைட்ராக்சைடு கலந்த மாதிரியின் மிச்சத்தை எடுக்க வேண்டாம், அது பூஞ்சையையும் கொல்லும். சைக்ளோஹெக்சிமைடு கலந்த அகார் மட்டும் வைத்தால் அஸ்பெர்ஜிலஸ் பலவும் மியூக்கரும் அடங்கிவிடும். திசுத்துண்டு வந்தால் அரைக்காமல் சிறிதாக நறுக்குங்கள். அரைத்தால் மியூக்கர் இழை சிதைந்து செத்துவிடும், ஸ்மியரில் தெரிந்தது தட்டில் வராமல் போவதற்கு இது ஒரு வழக்கமான காரணம். கோழையில் கேண்டிடா முளைத்தால் பெரும்பாலும் வாயிலிருந்து வந்தது. அதை நிமோனியா என்று எழுதிவிடாதீர்கள்.

கேலக்டோமானன் என்பது அஸ்பெர்ஜிலஸின் சுவரிலிருந்து வெளியாகும் ஒரு சர்க்கரைப் பொருள். அதைத் தேடச் சில நூறு மைக்ரோலிட்டர் போதும், கல்ச்சரை விட வேகம். கழுவுநீரில் குறியீடு 1.0 அல்லது அதற்கு மேல் என்பதை பூஞ்சை நோய்க்கான 2020 சர்வதேச வரையறை அஸ்பெர்ஜிலஸ் நோய்க்குச் சான்றாக ஏற்கிறது. மியூக்கரை இது காட்டவே காட்டாது. ஃபியூசேரியம், ஹிஸ்டோபிளாஸ்மா இருந்தாலும் நேர்மறை வரலாம். பூஞ்சை மருந்து தொடங்கிவிட்டால் உணர்திறன் குறையும்.

நிமோனியா உண்டாக்கும் நியூமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சை சாதாரண கல்ச்சரில் வளராது. அங்கே பூஞ்சையின் டிஎன்ஏவைப் பெருக்கித் தேடும் பிசிஆர்தான் கூர்மையானது. அதன் கூர்மையே தொல்லையும்கூட: வெறுமனே குடியிருக்கும் பூஞ்சையும் சிக்கும், எனவே 'நேர்மறை' என்பதோடு சிடி மதிப்பையும் (எத்தனையாவது பெருக்கச் சுற்றில் டிஎன்ஏ தென்பட்டது என்ற எண்) தர வேண்டும். பூஞ்சைச் சுவர் கடினம். மணிகளோடு குலுக்கி உடைக்காமல் டிஎன்ஏ பிரித்தால் பொய்யான எதிர்மறை வரும்.

நான்குக்கும் மாதிரி போதாதென்றால்? மியூக்கர் சந்தேகத்தில் ஸ்மியரும் கல்ச்சரும், நியூமோசிஸ்டிஸ் சந்தேகத்தில் பிசிஆர். சுற்றியபின் மேலே நிற்கும் தெளிவைக் கொட்டிவிடாமல் உறையவைத்தால் கேலக்டோமானனைப் பிறகும் பார்க்கலாம்.