லினக்ஸிலிருந்து பக்கத்துக் கணினியைப் பார்க்க: நெட்பயாஸா, டபிள்யூஎஸ்டியா, அவாஹியா?

லினக்ஸ் கோப்பு மேலாளரில் 'நெட்வொர்க்' என்பதை அழுத்தினால் பல வீடுகளில் வருவது வெற்றுத் திரைதான். அடுத்த அறையிலுள்ள விண்டோஸ் கணினிக்குப் பிங் என்ற இணைப்புச் சோதனை போகும், அதில் ஃபோல்டரும் ஷேர் ஆகியிருக்கும், ஆனாலும் பெயரைக் காணோம். கணினியைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை, கோப்பைத் திறப்பது வேறு வேலை. திறப்பதை எஸ்எம்பி என்ற கோப்புப் பகிர்வு முறை பார்த்துக்கொள்ளும். கண்டுபிடிப்பதற்குத்தான் மூன்று வழிகள், ஒன்றின் பேச்சு மற்றதற்குப் புரியாது.

மூத்தது நெட்பயாஸ். லேனில், அதாவது வீட்டு நெட்வொர்க்கில், உள்ள கணினிகள் தங்களுக்குள் தேர்தல் நடத்தி ஒன்றை 'மாஸ்டர் பிரவுசர்' ஆக்கும், பட்டியல் அதனிடம் இருக்கும். மற்றவை 12 நிமிடத்துக்கு ஒருமுறை தலைகாட்ட வேண்டும். மூன்று முறை தவறினால்தான் பெயர் நீங்கும், அதனால் பிளக்கைப் பிடுங்கிய கணினிகூட அரை மணி நேரத்துக்கு மேல் பட்டியலில் உட்கார்ந்திருக்கும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அந்தப் பட்டியலை வாங்க எஸ்எம்பியின் பழைய முதல் பதிப்பான எஸ்எம்பி1 வேண்டும் என்பதுதான் சிக்கல். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற பணயத் தீம்பொருள் பரவியது அதன் ஓட்டை வழியாகத்தான். அந்த ஆண்டு வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பு, புதிதாக நிறுவும்போது எஸ்எம்பி1-ஐச் சேர்ப்பதை நிறுத்தியது. 2019இல், லினக்ஸில் எஸ்எம்பி பேசும் மென்பொருளான சம்பாவின் 4.11 பதிப்பும் அதை இயல்பாகவே முடக்கிவிட்டது. இத்தனைக்குப் பிறகும் 'சம்பா கான்ஃபிகில் புரோட்டோகாலை என்டி1 ஆக்கு' (அதாவது எஸ்எம்பி1-ஐத் திரும்ப இயக்கு) என்ற யோசனை சுற்றிக்கொண்டிருக்கிறது. பட்டியலில் ஒரு பெயர் தெரிவதற்காக இதைச் செய்யாதீர்கள்.

விண்டோஸ் இன்று நம்பியிருப்பது டபிள்யூஎஸ்டி. இதில் தலைவர் கிடையாது; யுடிபி 3702 போர்ட்டில் 'யாரெல்லாம் இருக்கிறீர்கள்' என்று மல்டிகாஸ்டில், அதாவது ஒரே அனுப்பில் பலருக்கும், கேட்டால், இருப்பவர்கள் நேராகப் பதில் அனுப்புவார்கள். சம்பாவுக்குள் இந்த வசதி இல்லை. 'டபிள்யூஎஸ்டிடி' என்ற சிறு புரோகிராமைத் தனியாக ஓட்டினால் விண்டோஸுக்கு லினக்ஸ் தெரியும். எதிர்த்திசையில், அதாவது லினக்ஸுக்கு விண்டோஸ் தெரிவதற்கு, கேடிஇ டெஸ்க்டாப்பின் கோப்பு மேலாளரான டால்ஃபின் இதைக் கொஞ்சம் முன்பே கற்றுக்கொண்டது. க்னோம் டெஸ்க்டாப்புக்கு 2024இல்தான் வந்தது, அதற்கும் அதே புரோகிராம் நிறுவப்பட்டிருக்க வேண்டும்.

ஃபயர்வால் போட்டிருப்பவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேள்வி போவது மல்டிகாஸ்ட் முகவரிக்கு, பதில் வருவதோ வேறொரு முகவரியிலிருந்து. நாம் கேட்டதற்கு வந்த பதில்தான் இது என்று ஃபயர்வாலுக்குப் புரியாமல் தூக்கிப் போட்டுவிடும். 3702-ஐ நோக்கி வருவதை அனுமதித்தும் பலனில்லாமல் குழம்புபவர்கள், 3702-*இலிருந்து* வரும் யுடிபியையும் அனுமதித்துப் பார்க்கட்டும்.

லினக்ஸ் புரோகிராமான அவாஹி இருப்பதிலேயே தொல்லை குறைந்தது. யுடிபி 5353-இல் எம்டிஎன்எஸ் என்ற பெயர் தேடும் மொழியைப் பேசும், பெயருக்குப் பின்னால் 'டாட் லோக்கல்' ஒட்டிக்கொள்ளும். உபுண்டு டெஸ்க்டாப்பில் முன்பே இருக்கிறது, மேக்கும் அதே மொழிதான். லினக்ஸுக்கும் லினக்ஸுக்கும் இடையே என்றால் சம்பாவே வேண்டாம்: எதிர்முனையில் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து நுழையும் சேவை) ஓடினால் போதும், 'டாட் லோக்கல்' பெயரைப் போட்டு அதன் கோப்பு வழியான எஸ்எஃப்டிபியில் கோப்பு மேலாளரிலேயே திறந்துவிடலாம். ஆனால் அவாஹி அறிவிக்கும் சம்பா ஷேர் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரின் நெட்வொர்க் பக்கத்தில் வராது.

ஆகவே என் தேர்வு: விண்டோஸ் இருக்கும் வீட்டில் டபிள்யூஎஸ்டி, லினக்ஸும் மேக்கும் மட்டும் என்றால் அவாஹி, இரண்டும் கலந்திருந்தால் இரண்டையும் ஓடவிடலாம், சண்டை வராது. நெட்பயாஸை விட்டுவிடுங்கள். கெஸ்ட் வைஃபையில் இருந்தால் எதுவும் வேலை செய்யாமல் போகலாம். பல ரவுட்டர்கள் அங்கே கணினிகளை ஒன்றையொன்று பார்க்க விடுவதில்லை.

மாறாத ஒரே சர்வர்தான் என்றால் இந்தத் தேடலே வீண். ரவுட்டரில் அதற்கு 192.168.1.20 போல ஒரு நிலையான முகவரி கொடுத்து, கோப்பு மேலாளரில் நேராக அடித்து, புக்மார்க் செய்துவிடுங்கள். அப்புறம், லினக்ஸ் ஷேர் விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பில் கண்ணுக்குத் தெரிந்தும் திறக்க மறுத்தால், பாஸ்வேர்ட் இல்லாத கெஸ்ட் ஷேரா என்று பாருங்கள். அந்தப் பதிப்பு எஸ்எம்பி கையொப்பத்தை (செய்தி உண்மையானதா என்று காட்டும் முத்திரை) கட்டாயமாக்கியிருக்கிறது, கெஸ்ட்டால் அதைத் தர முடியாது. சம்பாவில் ஒரு பயனரை உருவாக்கி பாஸ்வேர்ட் வைத்தால் திறக்கும்.