மூன்று பழைய வீடுகள்: அடுத்த சீரமைப்புக்கு எதை எடுப்பது?

பழைய வீட்டை வாங்கப் போகிறவர்கள் வெயில் காலத்தில் போய்ப் பார்க்கக் கூடாது என்பதை நாங்கள் ஒரு விதியாகவே வைத்திருக்கிறோம். சித்திரை வெயிலில் எந்தச் சுவரும் காய்ந்து கச்சிதமாக நிற்கும்; ஐப்பசி, கார்த்திகை அடைமழையில்தான் கூரை எங்கே ஒழுகுகிறது, தண்ணீர் எந்த மூலையில் தேங்குகிறது, ஓதம் சுவரில் எத்தனை அடி ஏறியிருக்கிறது என்பதெல்லாம் மறைக்க வழியில்லாமல் வெளியே வரும். அதனால்தான் கையிலிருந்த வேலை முடிந்த கையோடு, கார்த்திகை மாதத்தில் மேஸ்திரியையும் அழைத்துக்கொண்டு மூன்று ஊர்களுக்குப் போனோம். முதல் வீடு காரைக்குடிக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்தில். இரண்டாவது கும்பகோணத்தை ஒட்டிய ஓர் அக்ரகாரத்தில். மூன்றாவது புதுச்சேரியில், பெரிய வாய்க்காலுக்கு மேற்கே உள்ள தமிழர் பகுதியில். சீரமைத்த பிறகு அங்கே விடுதி நடத்தும் எண்ணம் எங்களுக்கு இல்லை. ஒரு குடும்பம் அடுப்பேற்றி வாழக்கூடிய வீடாக அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதே நோக்கம், மூன்றையும் அந்த நோக்கத்தை வைத்தே எடைபோட்டோம்.

அழகில் செட்டிநாட்டு வீட்டுக்குப் போட்டியே இல்லை. ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டின் வாசலுமாக நீண்டு கிடக்கும் அந்த வீட்டின் வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றித் தூண்கள் நிற்கும் நடுக்கட்டில், நின்றபோது, நான்கு பக்கத்து ஓட்டுச் சரிவிலிருந்தும் மழை முற்றத்தில் இறங்கியது. இறங்கிய நீர் சற்று நேரம்கூடத் தேங்காமல் வடிந்து போனது. அடுக்கடுக்காக வேய்ந்த நாட்டு ஓடு, ஆண்டுக்கணக்காக யாரும் மாற்றாத நிலையிலும், மூன்று வீடுகளில் மிகக் குறைவாக ஒழுகிய கூரை அதுதான். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் சுண்ணாம்பைக் குழைத்து, கடைசிப் பூச்சுக்கு முட்டையின் வெள்ளைக்கருவைச் சேர்த்து மெருகேற்றிய சுவர், உள்ளங்கையை வைத்தால் இன்றும் பளிங்குபோல் குளிர்ந்தது. தரையில் ஆத்தங்குடிக் கல் சில அறைகளில் உடைந்திருந்தது. ஆனால் கண்ணாடிப் பலகையின் மேல் நிறக் கலவையை ஊற்றி அந்தக் கற்களைச் செய்பவர்கள் அதே ஊரில் இன்றும் இருப்பதால், அதை நாங்கள் ஒரு குறையாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

குறை வேறிடத்தில் இருந்தது. வளவின் வடக்குப் பக்கத்தில் நான்கு தூண்கள் இல்லை. கல்லால் ஆன தூண் பீடங்கள் மட்டும் இருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும், பர்மாத் தேக்குத் தூண் நெடுங்காலம் உட்கார்ந்திருந்த வட்டம் மட்டும் கறுக்காமல் வெளுத்துத் தெரிந்தது. அவற்றுக்குப் பக்கத்தில் செங்கல்லைக் கட்டி உத்திரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள். முகப்பைத் தாண்டியதும் இருக்க வேண்டிய செதுக்கு வேலை நிலைக்கதவும் போய், அந்த இடம் கான்கிரீட் கல்லால் அடைக்கப்பட்டிருந்தது. இந்தப் பகுதியில் இது புதிதல்ல. வீட்டைப் பிரித்து, தூணும் நிலையும் கதவுமாகப் பழம்பொருள் கடைகளுக்கு விற்பது பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தலங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. பட்டியலில் ஊர் இருக்கிறது, வீட்டுக்குள்ளே தூண் இல்லை என்ற நிலை எனக்கு உண்மையிலேயே வேதனை தந்தது. இதற்கு மேல், வீடு பதினொரு பங்காளிகளுக்குப் பொதுவாக இருந்தது. அவர்களில் எட்டுப் பேர் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கத் தயார்; இருவர் வெளிநாட்டில்; ஒருவர் விற்கவே கூடாது என்கிறார். விற்கக் கூடாது என்பவரின் மனநிலையைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன், அதனால் அவரை வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை.

அக்ரகார வீட்டை நாங்கள் சீக்கிரமே ஒதுக்கிவிட்டோம் என்றாலும், காரணத்தைச் சொல்லியாக வேண்டும். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, கொல்லையில் கிணறு என்று ஒரே நேர்கோட்டில் போகும் அந்த வீடு மூன்றிலும் சிறியது, விலையும் குறைவு. ஒரு குடும்பம் வாழ்வதற்கு அதைவிடப் பொருத்தமான அளவு கிடையாது. ஆனால் தெருவில் தார் போடும்போதெல்லாம் பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுப் போட்டு, ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன திண்ணை இப்போது சாலைக்குச் சமமாகிவிட்டது. நாங்கள் நின்றிருந்தபோதே தெருத் தண்ணீர் ரேழிக்குள் நுழைந்தது. பக்கத்து வீட்டை இடித்துக் கான்கிரீட்டில் கட்டியவர்கள் பொதுச்சுவரின் தங்கள் பக்கத்தைப் பூசாமலே விட்டிருந்ததால், களிமண் சாந்தில் கட்டிய செங்கல் மழையில் நேரடியாகக் கரைந்துகொண்டிருந்தது. இவை இரண்டையும்கூடச் செலவு செய்து சரிப்படுத்திவிடலாம். அடிமனை, அதாவது வீடு நிற்கும் நிலம், கோயிலுக்கு உரியது என்பதுதான் எங்களைத் தடுத்தது. கோயில் நிலத்தை விற்பதோ ஐந்தாண்டுக்கு மேல் குத்தகைக்கு விடுவதோ, 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையக் கொடைகள் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி, ஆணையரின் அனுமதி இல்லாமல் செல்லாது. விற்பவர் கைமாற்றித் தரக்கூடியது கட்டடத்தை மட்டுமே. அந்த நிலத்தில் தலைமுறைகளாக அடிமனை வாடகை செலுத்தி வாழ்பவர்களுக்கு அது ஒரு ஏற்பாடு. சீரமைத்து இன்னொரு குடும்பத்துக்கு ஒப்படைக்க வேண்டிய எங்களுக்கு அது பொருந்தாது.

புதுச்சேரி வீடு, முதல் பார்வைக்கு, மூன்றிலும் மோசமாகத் தெரிந்தது. கீழ்த்தளம் திண்ணையும் முற்றமுமாகத் தமிழ் வீடு. மாடியில் வளைவுச் சன்னல்களும் அரைத்தூண்களும் வைத்துப் பிரெஞ்சுப் பாணியில் கட்டியிருக்கிறார்கள். தெருவோரத் தாழ்வாரத்தைப் பிய்த்து எறிந்துவிட்டு இரும்பு ஷட்டர் போட்டிருந்தார்கள். சுவரில் ஓதம் ஏறியதைப் பார்த்து யாரோ நான்கடி உயரத்துக்குச் சிமெண்டுப் பூச்சு பூசி, அதன் மேல் பளபளப்பான பெயிண்டும் அடித்திருந்தார்கள். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் தரையிலிருந்து உறிஞ்சும் ஈரத்தைத் தன் பரப்பு வழியாகவே வெளியே விடும். அந்த வழியைச் சிமெண்டு அடைத்துவிட்டால் ஈரம் பூச்சுக்குப் பின்னாலேயே மேலே ஏறி, பூச்சு முடியும் இடத்தில் உப்புப் பூத்து வெடிக்கும். அங்கே சரியாக அதுதான் நடந்திருந்தது. மேஸ்திரி விரல் முட்டியால் தட்டிக்கொண்டே சுவரோரமாக நடந்தார். கீழே பொள்ளலாகவும், ஐந்தடிக்கு மேலே கெட்டியாகவும் சத்தம் வந்தது. சிமெண்டு விளிம்பில் உளியை வைத்து ஒரு சில்லைப் பெயர்த்துக் காட்டி, “கல்லு நல்லாத்தான் இருக்கு தம்பி, மூச்சுதான் முட்டிப்போச்சு” என்றார்.

மாடி மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரங்களின் மேல் மெல்லிய செங்கல்லைச் சாய்வாக நிறுத்தி அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து நாட்கணக்கில் அடித்து இறுக்கிய தளம். இதில் முதலில் போவது உத்திரம் சுவருக்குள் புதையும் முனை, ஏனெனில் அங்கேதான் ஈரம் காயாமல் நிற்கும். முன்கூடத்தில் பதினெட்டு உத்திரங்கள் இருந்தன. ஒவ்வொன்றின் முனையிலும் மேஸ்திரி மெல்லிய கம்பியைக் குத்திப் பார்த்தார். பதினைந்தில் கம்பி நகக்கண் அளவுகூட இறங்கவில்லை, மூன்றில் நான்கு விரற்கடை இறங்கியது. அந்த மூன்றும் ஒரே இடத்தில், பின்னாளில் மாடியில் கட்டிய குளியலறைக்கு நேர் கீழே இருந்தன. அதாவது கெடுதலுக்குக் காரணம் அந்தக் குளியலறை. அதை எடுத்துவிட்டால், அழுகிய முனையை மட்டும் வெட்டி நல்ல மரத்தை ஒட்டவைத்து இரண்டு உத்திரங்களைக் காப்பாற்றிவிடலாம். ஒன்றை மட்டும் முழுதாக மாற்ற வேண்டியிருக்கும். இதை அலட்சியமாகவும் விட முடியாது. 2014 நவம்பர் மழையில் கடற்கரைச் சாலையிலிருந்த மேரி கட்டடம், பிரெஞ்சுக் காலத்து நகரசபைக் கட்டடம், இடிந்து விழுந்ததை அந்த ஊரில் யாரும் மறக்கவில்லை. பழைய வடிவத்திலேயே அதைத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள் என்றாலும், விழுந்த கட்டடம் விழுந்ததுதான்.

வாங்கும் விலையில் புதுச்சேரி வீடு மற்ற இரண்டையும் சேர்த்தாலும் எட்டாத உயரத்தில் இருந்தது. இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. எனினும் அந்த வீட்டுக்கு ஒரே உரிமையாளர். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் பத்திரம் எழுதிப் பதியும் அலுவலரான நொத்தேர் எழுதிய பழைய பத்திரம் பிரெஞ்சில் இருந்தாலும் அதிலிருந்து இன்றைய பத்திரம் வரை கண்ணி விடாமல் வருகிறது, வில்லங்கச் சான்றும் சுத்தம். வேலை செய்யவும் ஆட்கள் இருக்கிறார்கள். 2000களின் தொடக்கத்தில் வைசியாள் வீதி வீடுகளின் முகப்புகளை வரிசையாக மீட்டெடுத்த பணியிலும், அதைத் தொடர்ந்து நடந்த வேலைகளிலும், சுண்ணாம்பை நீற்றவும் தாழ்வாரத்தைக் கட்டவும் தெரிந்த கைகள் அந்த ஊரில் உருவாகியிருக்கின்றன. பிய்த்தெடுத்த தாழ்வாரத்தின் அளவை ஊகிக்க வேண்டிய தேவைகூட இல்லை. எதிர்வரிசையில் அதே காலத்து வீடு ஒன்று தாழ்வாரத்தோடு நிற்கிறது, சுவரில் கைமரம் செருகியிருந்த துளைகளும் அப்படியே இருக்கின்றன.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எங்களுக்குத் தெளிவான வேறுபாடு இதுதான். புதுச்சேரி வீட்டைக் கெடுத்தவை பெரும்பாலும் பின்னாளில் சேர்த்தவை: சிமெண்டு, ஷட்டர், குளியலறை. அவற்றை எடுத்துவிட்டால் அடியில் வீடு இருக்கிறது. செட்டிநாட்டு வீட்டிலோ வீட்டின் சொந்த உறுப்புகளே போய்விட்டன. வேறொரு வீட்டைப் பிரித்து விற்ற தூணை வாங்கி இங்கே நிறுத்தலாம்தான்; ஆனால் அப்படிச் செய்தால், எந்த வியாபாரம் இந்த வீட்டைச் சிதைத்ததோ அதே வியாபாரத்துக்கு நாங்களும் காசு கொடுத்தவர்கள் ஆவோம். அதற்கு நான் உடன்படவில்லை. செங்கல் முட்டோடு நிற்கும் அந்த வளவுக்கு இப்போதைக்குத் தேவை, விற்க மறுக்கும் அந்தப் பங்காளி ஆண்டுக்கு ஒருமுறை கூரை ஓடுகளை மாற்றிப் போடுவதற்கான உதவி. எங்கள் மேஸ்திரி மாசி மாதத்தில் ஒரு வாரம் அங்கே போய்வர ஒப்புக்கொண்டிருக்கிறார்.

புதுச்சேரி வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டோம். தை பிறந்ததும் மாடிக் குளியலறையை இடித்து, கீழே சிமெண்டுப் பூச்சு முழுவதையும் உளியால் கொத்தி எடுப்பதுதான் முதல் வேலை. அதன் பிறகு ஆனி வரை சுவரில் எதையும் பூசப்போவதில்லை. செங்கல் வெறுமனே காற்றுப்பட நின்று, உள்ளே தேங்கிய ஈரத்தையும் உப்பையும் கக்கி முடிக்கட்டும்; அதற்குள் சுண்ணாம்பு தொட்டியில் ஊறிக்கொண்டிருக்கும்.