இருபது நாள், தினம் அரை மணி நேரம்: வேட்பாளரை அறிய எந்த வழி?

2024 ஏப்ரல் 19 அன்று அருமனையில் நான் இரண்டு வாக்குகள் போட்டேன். கன்னியாகுமரி நாடாளுமன்றத் தொகுதிக்கு ஒன்று. சட்டமன்ற உறுப்பினர் பதவி விலகியதால் அன்றே இடைத்தேர்தல் நடந்த விளவங்கோடு தொகுதிக்கு இன்னொன்று. இரண்டு இயந்திரங்கள், ஒன்றில் வெள்ளைத் தாள், மற்றதில் இளஞ்சிவப்புத் தாள். வெள்ளைத் தாளின் முன் என் விரல் தயங்கவில்லை. இளஞ்சிவப்பின் முன் தயங்கியது. அதில் இருந்த பெயர்களில் பாதிக்கு மேல் யாரென்றே எனக்குத் தெரியாது. சின்னத்தைப் பார்த்து அழுத்திவிட்டு வந்தேன். வீடு வரும் வரை மனம் கனத்துக் கிடந்தது.

மார்த்தாண்டத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். கணவர் மஸ்கட்டில் இருக்கிறார். மகள் ஏழாம் வகுப்பு, மகன் இரண்டாம் வகுப்பு. காலை ஐந்து மணிக்கு அடுப்பைப் பற்றவைத்தால் பாத்திரம் கழுவி முடிக்க இரவு ஒன்பதரை ஆகிவிடும். அதற்குப் பிறகு அரை மணி நேரம் எனக்கென்று மிஞ்சும். அதுவும் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் இல்லாத நாளில்.

தேர்தல் முடிந்தபின் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வேட்புமனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாளுக்கும் வாக்குப்பதிவுக்கும் இடையே குறைந்தது 14 நாள் இருக்க வேண்டும் என்பது சட்டம். 2024-இல் எங்களுக்கு மார்ச் 30 முதல் ஏப்ரல் 19 வரை 20 நாள் கிடைத்தது. இடையில் ஈஸ்டர், முழு ஆண்டுத் தேர்வு எல்லாம் வந்தன. ஆனாலும் தினம் அரை மணி நேரம் என்றால் மொத்தம் பத்து மணி நேரம். அந்தப் பத்து மணி நேரத்தை எதில் செலவழித்தேன், எதில் செலவழித்திருக்க வேண்டும்? அன்றிலிருந்து ஒவ்வொரு வழியாக முயன்று பார்த்து வருகிறேன். என்னைப் போன்ற அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

உண்மையில் அந்தப் பத்து மணி நேரத்தில் பெரும்பகுதி வாட்ஸப்பில் போனது. குடும்பக் குழு, பள்ளிப் பெற்றோர் குழு, தெருக் குழு. இதற்குத் தனியாக நேரம் ஒதுக்கவே வேண்டாம், பஸ்ஸில் நின்றுகொண்டே பார்க்கலாம் என்பதுதான் இதன் பலம். எங்கே கூட்டம், எந்தத் தெருவுக்கு யார் வருகிறார் என்ற செய்தி இதைவிட வேகமாக வேறெங்கும் கிடைக்காது. மற்றபடி நான் பெற்றது குறைவு, இழந்தது அதிகம். பெயர்ந்து கிடந்த ஒரு சாலையின் படம் எங்கள் தொகுதிச் சாலை என்று சுற்றியது. நானும் கொதித்துப்போய் இரண்டு பேருக்கு அனுப்பிவிட்டேன். என் மகள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, "அம்மா, கடைப் பலகையில் தெலுங்கு இருக்கிறது" என்றாள். நான் அனுப்பிய இருவரிடமும் மன்னிப்புக் கேட்டேன்.

மதத்தைத் தொட்டு வரும் செய்தி இதைவிடக் கொடியது. 1982-இல் மண்டைக்காட்டில் நடந்த மதக் கலவரத்தைக் கண்டவர்கள் இன்னும் எங்கள் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் அதைப் பற்றிப் பேசும்போது குரல் தாழ்ந்துவிடும். ஆகவே கோயில், தேவாலயம், பள்ளிவாசல் எதைப் பற்றியும் தேர்தல் காலத்தில் வரும் செய்தி என் கைப்பேசியைத் தாண்டிப் போகாது என்று முடிவு செய்துவிட்டேன். உண்மையாகவே இருந்தாலும் போகாது.

தொலைக்காட்சி விவாதத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஒரு மணி நேர விவாதத்தில் சென்னையும் டெல்லியும் இருக்கும். எல்லைக்கு அருகே இருப்பதால் எங்கள் வீட்டில் மலையாளச் செய்தியும் ஓடும், அதில் திருவனந்தபுரம் இருக்கும். விளவங்கோடு இருக்காது. என் பத்து மணி நேரத்தில் இதற்கு இடமில்லை.

நாளிதழ் அப்படியன்று. மாமா விடியற்காலையில் ரப்பர் பால் வெட்டி முடித்து, சாயாக்கடையில் நாகர்கோவில் பதிப்பை ஒரு வரி விடாமல் படிப்பவர். இரவுச் சாப்பாட்டின்போது அவரிடம் கேட்டால் பத்து நிமிடத்தில் மாவட்டச் செய்தி முழுவதும் வந்துவிடும். அவர் எப்போதும் "பத்திரிகையில் போட்டிருந்தான்", "கடையில் பேசிக்கொண்டார்கள்" என்று இரண்டையும் பிரித்தே சொல்வார். அந்த ஒரு பழக்கத்துக்காகவே அவர் சொல்வதை நம்புகிறேன். வாட்ஸப்பில் இல்லாதது அதுதான்.

நாளிதழில் நான் கவனிக்கத் தவறியது ஒன்று உண்டு. குற்ற வழக்கு உள்ள வேட்பாளர் அதைப் பிரசாரக் காலத்தில் மூன்று முறை பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் வெளியிட வேண்டும். அவரை நிறுத்திய கட்சி, வழக்கு இல்லாத வேறொருவரை ஏன் நிறுத்த முடியவில்லை என்ற காரணத்தையும் வெளியிட வேண்டும். கட்சி காரணம் சொல்ல வேண்டும் என்பது 2020-இல் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவு. அந்த அறிவிப்பை வரி விளம்பரம் என்று நினைத்து இத்தனை நாள் புரட்டிப் போயிருக்கிறேன்.

எல்லா வழிகளிலும் எனக்கு அதிகம் கொடுத்தது வேட்பாளர் தாக்கல் செய்யும் உறுதிமொழிப் பத்திரம்தான். படிவம் 26 என்பார்கள். வாக்காளருக்கு இதை அறியும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2002-இல். தேர்தல் அதிகாரியின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். நாகர்கோவில் வரை போக வேண்டியதில்லை, தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் கைப்பேசியிலேயே திறக்கலாம். நிலுவை வழக்குகள், தண்டனைகள், ஐந்து ஆண்டு வருமானம், தம் பெயரிலும் துணைவர் பெயரிலும் உள்ள சொத்து, கடன், அரசுக்குக் கட்ட வேண்டிய பாக்கி, தொழில், அரசு ஒப்பந்தம், படிப்பு எல்லாம் அதில் இருக்கும். தேர்தல் சீர்திருத்தத்துக்காக இயங்கும் ஏ.டி.ஆர். அமைப்பின் மைநேதா இணையதளத்தில் இவற்றையே சுருக்கிப் போடுகிறார்கள். மூலப் பத்திரம் ஒருவருக்கு இருபது நிமிடம் பிடித்தது. சுருக்கத்துக்கு ஐந்து நிமிடம் போதும். முதலில் சுருக்கத்தைப் பார்த்து, உறுத்துகிற இடத்துக்கு மட்டும் மூலத்தைத் திறப்பது நல்லது.

தேர்தலுக்குப் பிந்தைய ஒரு மாதத்தில், அந்த இளஞ்சிவப்புத் தாளில் இருந்த முக்கியமான வேட்பாளர்களின் பத்திரங்களை இப்படி உட்கார்ந்து படித்தேன். மூன்று இரவுகள் ஆயின. வாக்குப் போடும் முன் அந்த மூன்று இரவுகளையும் கொடுத்திருந்தால் என் விரல் தயங்கியிருக்காது.

இதைப் படிப்பதில் ஒரு பக்குவம் வேண்டும். வழக்குகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து நான் முதலில் ஏமாந்தேன். ஒருவருக்கு ஆறு வழக்கு, இன்னொருவருக்கு ஒன்று என்றால் ஆறு உள்ளவர் மோசம் என்று தோன்றும். பிரிவைப் பார்க்க வேண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 143 என்றால் சட்டவிரோதமாகக் கூடியது, 341 என்றால் வழிமறித்தது, 188 என்றால் அதிகாரியின் தடையுத்தரவை மீறியது. சாலை மறியல் செய்தவர் மீது வழக்கமாகப் பாயும் பிரிவுகள் இவை. ஒக்கிப் புயலுக்குப் பிறகு, கடலுக்குப் போனவர்களைத் தேடித் தரச் சொல்லித் தெருவில் உட்கார்ந்த மாவட்டம் இது. மறியல் வழக்கை வைத்து யாரையும் குற்றவாளி என்று நான் சொல்ல மாட்டேன். 420 என்றால் மோசடி, 307 என்றால் கொலை முயற்சி, 376 என்றால் பாலியல் வன்கொடுமை. ஆறு 143-ஐவிட ஒரு 420 எனக்குப் பெரிது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டதால் அதற்குப் பிந்தைய வழக்குகளில் எண்கள் மாறியிருக்கும். வழக்கு நிலுவையில் இருப்பதும் தண்டனை பெற்றதும் ஒன்றல்ல என்பதையும் மறக்கக் கூடாது.

இதன் குறை, எல்லாம் வேட்பாளரே சொல்வது என்பதுதான். இன்னொரு குறை, அவர் இதுவரை யாராக இருந்தார் என்று சொல்லுமே தவிர, ஜெயித்தால் என்ன செய்வார் என்று சொல்லாது.

ஏற்கெனவே பதவியில் இருந்தவர் மறுபடி நின்றால் அதற்கு வழி உண்டு. நாடாளுமன்ற உறுப்பினர் கேட்ட கேள்விகளும் அமைச்சர் தந்த பதில்களும் நாடாளுமன்ற இணையதளத்தில் கிடைக்கின்றன. பிஆர்எஸ் என்ற ஆய்வு அமைப்பு (அதே பெயர்கொண்ட கட்சி அல்ல) வருகைப்பதிவு, கேள்விகள், பங்கேற்ற விவாதங்கள் ஆகியவற்றைத் தொகுத்து, தேசிய சராசரியோடும் மாநிலச் சராசரியோடும் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறது. பத்தே நிமிடம். ஆனால் எண்ணை மட்டும் நம்பினால் இதுவும் ஏமாற்றும். 2014 முதல் 2019 வரை எங்கள் உறுப்பினராக இருந்த பொன். இராதாகிருஷ்ணன் மத்திய இணை அமைச்சர். அமைச்சர்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடுவதில்லை, கேள்வி கேட்பதுமில்லை; பதில் சொல்பவர்கள் அவர்கள். 2019-இல் வென்ற எச். வசந்தகுமார் 2020-இல் கொரோனாவால் மறைந்தார். 2021 இடைத்தேர்தலில் விஜய் வசந்த் வந்தார். ஒருவருக்கு ஓர் ஆண்டு, இன்னொருவருக்கு மூன்று ஆண்டு. கேள்விகளின் மொத்தத்தை அடுத்தடுத்து வைத்து ஒப்பிட்டால் யாருக்கும் நியாயமாகாது. நான் எண்ணிக்கையை விட்டுவிட்டு, கேள்விகள் எதைப் பற்றியவை என்று பார்க்கிறேன். ரப்பர் உண்டா, மீனவர் உண்டா, ரயில் உண்டா? சட்டமன்ற உறுப்பினரைப் பற்றி இந்த அளவுக்கு எளிதாகத் தொகுத்த விவரம் என் கைக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் எந்தக் கேள்வியை யாரிடம் கேட்க வேண்டும் என்பதே எனக்குத் தெளிவாகத் தெரியாமல் இருந்தது. எங்கள் பகுதியில் கேரளத்துக்குப் பாறையும் ஜல்லியும் ஏற்றிப்போகும் லாரிகள் ஓயாது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் நேரத்தில் சாலையைக் கடப்பது நெஞ்சை அடைக்கிறது. இதற்கு நான் நாடாளுமன்ற வேட்பாளரைத் திட்டிக்கொண்டிருந்தேன். குவாரிக்கு அனுமதி தருவதும், அளவுக்கு மீறிய சுமையைப் பிடிப்பதும் மாநில அரசின் கையில் இருப்பவை. மார்த்தாண்டம் வழியே போகும் தேசிய நெடுஞ்சாலை மத்திய அரசுடையது. ரப்பருக்கான இறக்குமதி வரி டெல்லி, தெருவிளக்கு பேரூராட்சி. கிள்ளியூர் வட்டக் கடலோரத்தில் 1,144 ஹெக்டேரில் அணுக்கனிம மணல் எடுக்கும் திட்டம் ஐ.ஆர்.இ.எல். என்ற மத்திய அரசு நிறுவனத்துடையது. இதைப் பிரித்துக்கொள்ள எனக்கு ஒரு மாலைதான் ஆனது. மற்ற எல்லா வழிகளையும் அந்த மாலை கூர்மையாக்கிவிட்டது. அதன்பின் பேச்சாளர் மேடையில் "கல் லாரியை நிறுத்துவேன்" என்றால் எந்தப் பதவிக்கு நிற்கிறார் என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

நேரில் கேட்பது பற்றி. பிரசார வண்டி எங்கள் சந்திப்பில் நாலு நிமிடம் நிற்கும். மாலை போடுவதற்கே அது போதாது. கேள்வி கேட்க அது இடமில்லை. அம்மாவின் ஊர் கிராம ஊராட்சி. 2024 ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு அம்மாவோடு துணைக்குப் போனேன். குடிநீர்க் குழாய் பற்றி அம்மா எழுந்து கேட்டார். எழுபது வயதில் முதன்முறையாக. பதில் பதிவேட்டில் எழுதப்பட்டது. இரண்டு மணி நேரத்தில் ஊர்ப் பணம் எதில் போகிறது என்று எனக்குப் புரிந்த அளவுக்கு ஓராண்டு வாட்ஸப் சொல்லித்தந்ததில்லை. ஆனால் கிராம சபை கிராம ஊராட்சிக்கு மட்டும் உரியது. எங்கள் மாவட்டத்தில் பேரூராட்சிகள் மிகுதி, அருமனையும் அதில் ஒன்று. நகர்ப்புறங்களுக்கான பகுதி சபைக்கு 2022-இல் விதி வந்தது. எங்கள் வார்டில் அடுத்து எப்போது என்று பேரூராட்சி அலுவலகத்தில் கேட்டு வைத்திருக்கிறேன்.

தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு தேர்தல் நேரத்துக்கு உதவாது; பதிலுக்கு 30 நாள். பத்து ரூபாய்தான் கட்டணம் என்பதால் தேர்தல் இல்லாத ஆண்டில் போட்டு வைக்கலாம்.

ஊர்ப் பெரியவர்களும் சமுதாயத் தலைவர்களும் கைகாட்டும் வழியை மாமி மிகவும் மதிப்பவர். "நம் ஆட்களுக்கு ஆபத்தில் யார் ஓடி வந்தார்கள் என்று அவர்களுக்குத்தானே தெரியும், மக்களே" என்பார். அதில் உண்மை இருக்கிறது. புயலிலும் வெள்ளத்திலும் யார் வந்தார் என்பது எந்தப் பத்திரத்திலும் இருக்காது. ஆனால் "நம் ஆட்கள்" என்ற சொல்லுக்கு வெளியே நிற்பவர்களும் அதே சாலையில்தான் பிள்ளைகளைக் கைப்பிடித்துக் கடக்கிறார்கள். அதனால் மாமி சொல்வதைக் கேட்டுக்கொள்கிறேன், முடிவை அதனிடம் விடுவதில்லை.

அடுத்த தேர்தலின் பத்து மணி நேரத்தை இப்படிப் பிரித்திருக்கிறேன். உறுதிமொழிப் பத்திரங்களுக்கு நாலு மணி நேரம். பழைய உறுப்பினரின் கேள்விகளுக்கு ஒன்று. மாமாவோடும் நாளிதழோடும் மூன்று. ஒரு கூட்டத்துக்குப் போய்வர இரண்டு. வாட்ஸப்புக்குப் பஸ்ஸில் நிற்கும் நேரம் மட்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று 1950 என்ற தொலைபேசி எண்ணில் கேட்பதைத் தேர்தல் அறிவிப்பு வரும் முன்பே செய்துவிட வேண்டும். மனுத்தாக்கலுக்குக் கடைசி நாளை ஒட்டி ஓடினால் பெயர் சேர்க்க முடியாது.

பழைய கணக்கு நோட்டின் ஒரு பக்கத்தை மகள் மூன்று பத்திகளாகக் கோடு போட்டு அடுக்களைக் கதவில் ஒட்டியிருக்கிறாள்: பேரூராட்சி, சென்னை, டெல்லி. வீட்டில் யாருக்கு எந்தக் குறை தோன்றினாலும் உரிய பத்தியில் எழுத வேண்டும். கல் லாரியை அவள் சென்னைக்குக் கீழே எழுதி, அது ஓடும் நெடுஞ்சாலைக்காக டெல்லிக்கு ஓர் அம்புக்குறி போட்டிருக்கிறாள். போன வாரம் டெல்லிக்குக் கீழே ஒரு புதிய வரி. மாமாவின் கையெழுத்து: ரப்பர் ஒட்டுப்பால் விலை.