கேத்தாமா, ஜெரெஜாக்கா? கார் ஓடாத தீவுக்கு ஒரு நாள்

கோலாலம்பூரிலிருந்து ஒரே நாளில் கார் சத்தம் இல்லாத ஒரு தீவுக்குப் போய்வர வேண்டும் என்றால் எல்லாரும் சொல்வது கேத்தாம் தீவைத்தான். சரிதான். ஆனால் கேட்பது ஒரு தமிழ்க் குடும்பம் என்றால் பினாங்கின் ஜெரெஜாக் தீவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வேன், ஏனென்றால் அந்த மண்ணில் நம்மவர்கள் கதையும் கிடக்கிறது.

போக்குவரத்தில் போட்டியே இல்லை. கேடிஎம் கொமுட்டர் ரயிலில் ஏறிக் கடைசி நிலையமான கிள்ளான் துறைமுகத்தில் இறங்கினால் படகுத்துறை நடக்கிற தூரம், அங்கிருந்து விரைவுப் படகில் அரை மணிக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான் கேத்தாம். ஜெரெஜாக் பினாங்கின் பாயான் லெப்பாஸ் கரையிலிருந்து கண்ணுக்கு எதிரே தெரியும், படகில் சில நிமிடம்தான். ஆனால் கோலாலம்பூர்க்காரர்கள் ஈடிஎஸ் ரயிலில் பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த் போய்ச் சேரவே நாலு மணி நேரம் பிடிக்கும். காலையில் போய் இரவு திரும்பிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள், பினாங்கில் ஒரு ராத்திரி தங்கிவிடுங்கள்.

கேத்தாமின் அழகு அது இன்னும் ஊராக இருப்பதுதான். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நண்டு பிடிக்க வந்த சீன மீனவர்கள் சேற்றில் கால் நட்டுக் கட்டிய வீடுகள் பெருகி ஊரானது. பள்ளிக்கூடம், காவல் நிலையம், கோயில், மளிகைக்கடை எல்லாமே தூண்கள் மேல்தான் நிற்கின்றன. கார் ஓட்ட அங்கே தரையே இல்லை. குறுகலான பாதைகளில் சைக்கிளும் மின்சைக்கிளும் மட்டும், அதுவும் மின்சைக்கிள் பின்னால் வருவதே காதில் விழாது, ஆகவே குழந்தைகள் கையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நடங்கள். நீர் வற்றும் நேரத்தில் போக முடிந்தால் இன்னும் நல்லது. பாதையிலிருந்து குனிந்து பார்த்தால் சேற்றில் மீன்கள் துள்ளும், ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவு பெருத்த சின்ன நண்டுகள் வளைக்கு வெளியே வந்து கொடுக்கை ஆட்டிக்கொண்டிருக்கும், பிள்ளைகள் அந்த இடத்தை விட்டு நகரவே மாட்டார்கள். அதே நேரத்தில் வீடுகளுக்கு அடியில் சிக்கிய பிளாஸ்டிக் குப்பையும் கண்ணில் படும், அது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். சாப்பாடு நண்டு, மீன், இறால் என்று பிரமாதம். புரட்டாசி விரதத்தில் இருப்பவர்கள் மட்டும் கையோடு சாப்பாடு கட்டிக்கொண்டு போவது நல்லது. கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

ஜெரெஜாக் இதற்கு நேர் எதிர். அங்கே சந்தடி கிடையாது, காடுதான் அதிகம். பிரிட்டிஷார் முதலில் தொழுநோயாளிகளைக் கொண்டுபோய் வைத்தார்கள், பிறகு கப்பலில் வந்து இறங்குகிறவர்களை நோய்க்குப் பயந்து தடுத்து வைக்கும் நிலையம் வந்தது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறித் தோட்டக் கூலியாக வந்த தமிழர்களில் எத்தனையோ பேர் மலாயாவில் கால் வைத்த முதல் மண் இதுதான். அம்மையோ காலராவோ இருக்கும் என்ற சந்தேகத்தில், எதிர்க்கரையில் பினாங்கைப் பார்த்துக்கொண்டே நாள் கணக்கில் காத்திருந்தவர்கள் அவர்கள். 1930இல் சிலாங்கூரில் சுங்கை பூலோ தொழுநோயாளர் குடியிருப்பு திறந்தபின் தொழுநோயாளிகள் அங்கே மாற்றப்பட்டார்கள், இரண்டாம் உலகப் போருக்குப் பின் காசநோய் மருத்துவமனை வந்தது, 1969இலிருந்து 1993 வரை சிறை. இன்னொன்றும் உண்டு. 1914 செப்டம்பரில் சென்னையில் குண்டு போட்ட அதே ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் அக்டோபர் 28ஆம் தேதி பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்து ஜெம்சுக் என்ற ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. அதில் இறந்த ரஷ்ய மாலுமிகளில் சிலரின் கல்லறை ஜெரெஜாக்கில் இருக்கிறது. இத்தனையும் நடந்த தீவின் பரப்பு 360 ஹெக்டேர்தான்.

ஆனால் சொகுசு எதிர்பார்த்துப் போகாதீர்கள். பழைய கட்டடங்கள் பலவற்றைக் காடு மூடிவிட்டது, ஏற்றப்பாதை, கொசு, வெயில் எல்லாம் உண்டு. நல்ல சப்பாத்தும் போதுமான தண்ணீரும் வேண்டும், வழி தெரிந்தவர் ஒருவரும் கூட வர வேண்டும். படகையும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். முட்டிவலிக்காரர்களையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு போனால் எல்லாருக்கும் சிரமம், அவர்களுக்குக் கேத்தாம்தான் சரி.

என்னைக் கேட்டால், சின்னப் பிள்ளைகளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை என்றால் யோசிக்காமல் கேத்தாம். இடைநிலைப்பள்ளிக்குப் போகும் வயதுப் பிள்ளைகள் என்றால் ஜெரெஜாக்தான், செலவும் அலைச்சலும் கூடினாலும் பரவாயில்லை. நம் பாடப்புத்தகத்தில் தோட்டத் தொழிலாளர் வருகை சில வரிகளில் முடிந்துவிடுகிறது, அவர்கள் நின்ற இடத்தில் பிள்ளைகளும் போய் நிற்கட்டும். கிளம்பும் முன் வீட்டில் பெரியவர்கள் இருந்தால் தாத்தா, பாட்டி எந்தக் கப்பலில் வந்தார்கள், எந்தத் துறைமுகத்தில் இறங்கினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பினாங்கு என்று பதில் வந்தால் முதலில் ஜெரெஜாக் போங்கள், கேத்தாமை அடுத்த விடுமுறைக்கு வைத்துக்கொள்ளலாம்.