வெள்ளெழுத்துக் கண்ணாடி: ரெடிமேட், பைஃபோக்கல், புரோகிரஸிவ் – யாருக்கு எது சரி?

மருந்து அட்டையின் பின்பக்கத்தை ஒருவர் எவ்வளவு தூரத்தில் பிடித்துப் படிக்கிறார் என்று பார்த்தாலே வயது ஏறக்குறையத் தெரிந்துவிடும். முப்பதில் முகத்துக்கு எதிரே. நாற்பத்தைந்தில் கையை நீட்டி, தலையைப் பின்னுக்கு இழுத்து. ஐம்பதில் "இதுல என்ன போட்டிருக்கான், பாரு" என்று பக்கத்தில் இருப்பவர் கையில் கொடுத்தாகிவிடும். நரைக்குச் சாயம் உண்டு, தொப்பைக்குத் தளர்ந்த சட்டை உண்டு. வெள்ளெழுத்துக்கான பரிகாரம் மட்டும் மூக்கின் மேல் ஏறி எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உட்காரும். அதனால்தான் இந்தக் கண்ணாடியை வாங்குவதைத் தள்ளிப்போடுகிறவர்கள் இவ்வளவு பேர். தள்ளிப்போட்டால் பின்னால் என்ன சிக்கல் வரும் என்பதையும் சேர்த்தே மூன்று வகைகளையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் கணக்கு. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் பிறந்ததிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக விறைத்துக்கொண்டுதான் வருகிறது. கிட்டத்தில் குவிக்கும் சராசரித் திறனுக்குக் கண் பரிசோதகர்கள் வைத்திருக்கும் சூத்திரம் எளிது: 18.5லிருந்து வயதின் 0.3 மடங்கைக் கழிக்க வேண்டும். பத்து வயதில் 15.5 டயாப்டர் (கண்ணாடிப் பவரை அளக்கும் அதே அலகு), 45ல் 5, 60ல் வெறும் 0.5. 40 செ.மீ. தூரத்தில் புத்தகம் படிக்க 2.5 டயாப்டர் தேவை. இருக்கும் திறனில் பாதியையாவது கையிருப்பாக விட்டுவைத்தால்தான் கண் சோராமல் நீண்ட நேரம் படிக்க முடியும். 45ல் அந்தப் பாதி சரியாக 2.5. அந்த வயதில்தான் கை நீள ஆரம்பிப்பது இதனால்தான்.

"கண்ணாடி போட்டுப் பழகினா பவர் ஏறிடும்" என்று சொல்லித் தவிர்ப்பவர்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. போட்டாலும் போடாவிட்டாலும் பவர் ஏறத்தான் செய்யும். தூரத்துக்குப் பவர் தேவைப்படாத ஒருவருக்குச் சுமாராக 45ல் +1.00 அல்லது +1.25, 50ல் +1.75, 60ஐத் தாண்டினால் +2.50. அதற்கு மேல் பெரும்பாலும் போகாது. −2.50 அளவுக்குக் கிட்டப்பார்வை உள்ளவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு 40 செ.மீ.யில் தெளிவாகப் படிப்பார், தனக்கு வயதே ஆகவில்லை என்றும் நினைத்துக்கொள்வார். கண்ணாடியோடு படிக்கச் சொன்னால் தெரிந்துவிடும்.

ரெடிமேட் கண்ணாடி

நாற்பதுகளின் நடுவில் இருப்பவர்கள் முதலில் வாங்குவது இதைத்தான். பரிசோதனை கிடையாது, யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை, வேண்டாதபோது பையில் போட்டுவிடலாம். இரண்டு கண்ணிலும் ஒரே அளவு, சிலிண்டர் பவர் (ஒளி ஒரே புள்ளியில் குவியாத கோளாறுக்கானது) இல்லை, ஒரு நாளில் மொத்தம் அரை மணி நேரப் படிப்பு என்றால் இது போதும். அதற்கு மேல் சுணங்கும்.

காரணம் மையம். எல்லா முகத்துக்கும் ஒரே இடைவெளியில் லென்ஸ் மையத்தை வைத்துச் செய்கிறார்கள். படிக்கும்போது ஒருவரின் கண்மணிகளுக்கு இடையே 57 மி.மீ., லென்ஸ் மையங்களுக்கு இடையே 63 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 6 மி.மீ. வித்தியாசம் +1.00 பவரில் 0.6 பிரிசம் டயாப்டர்தான் (லென்ஸ் ஒளியைப் பக்கவாட்டில் திருப்பும் அளவு), தெரியாது. +2.50ல் அதுவே 1.5 ஆகிறது. கண்கள் இரண்டும் தேவைக்கு மேல் உள்நோக்கித் திரும்ப வேண்டியிருக்கும். அரை மணி நேரத்தில் புருவ நடுவில் இழுப்பு, பிறகு தலைவலி. ஆக, பவர் ஏற ஏற ரெடிமேட் கண்ணாடியின் குறையும் ஏறும்.

இன்னொரு பொதுவான தவறு, +1.25 போதும் என்கிற ஆள் "எழுத்து பெரிசா தெரியுதே" என்று +2.50 எடுப்பது. அதைப் போட்டால் 40 செ.மீ.க்கு அப்பால் எல்லாம் மங்கல், கணினித் திரையும் சேர்த்து. தெளிவாகப் படிக்க முடிகிற பவர்களில் மிகக் குறைந்தது எதுவோ அதுதான் சரி.

ஒட்டியிருக்கும் எண்ணை வீட்டிலேயே சோதிக்கலாம். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரின் அருகே கண்ணாடியைப் பிடித்து, வெளியே தொலைவில் இருக்கும் மரத்தின் தலைகீழ்ப் பிம்பம் சுவரில் கூர்மையாக விழும்வரை முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். +2.00 என்றால் சுவருக்கும் லென்ஸுக்கும் இடையே 50 செ.மீ. இருக்கும், +2.50 என்றால் 40. இரண்டு லென்ஸும் ஒரே தூரத்தில் பிம்பம் காட்டாவிட்டால் அந்தக் கண்ணாடி வேண்டாம்.

இதன் பெரிய குறை கண்ணாடியில் இல்லை. கையோடு எடுத்துப் போட்டுக்கொள்வதால் கண் பரிசோதனை தவறிப்போகிறது. கண் அழுத்த நோய் வலியில்லாமல் பார்வையின் ஓரத்தை அரிக்கும். அதற்காகவாவது நாற்பதில் ஒருமுறை மருத்துவரிடம் கண்ணைக் காட்டிவிட்டுப் பிறகு இதை வாங்கலாம்.

பைஃபோக்கல்

1780களிலேயே பெஞ்சமின் பிராங்க்ளின் தூரத்து லென்ஸையும் கிட்டத்து லென்ஸையும் பாதியாக வெட்டி ஒரே பிரேமில் சேர்த்துப் போட்டிருக்கிறார். படிப்பதற்காக லென்ஸின் கீழ்ப்பகுதியில் பதிக்கும் இன்றைய டி வடிவத் துண்டும் அதே யோசனைதான். ஐம்பது வயதுக்காரர் கடையில் முதலில் சொல்வது "கோடு தெரியக் கூடாது." எழுபது வயதுக்காரர் கோட்டைக் கேட்டு வாங்குவார்: "அது இருந்தாத்தானே எங்க பாத்துப் படிக்கணும்னு தெரியும்?" இரண்டாமவர் சொல்வதில் நியாயம் அதிகம். கோட்டுக்குக் கீழே படிக்கிற பகுதி அகலமானது, பக்கவாட்டு மங்கல் இல்லை, பழக ஓரிரு நாள் போதும்.

துண்டின் மேல்விளிம்பு கீழ் இமையின் ஓரத்தோடு ஒட்டி வர வேண்டும். இரண்டு மூன்று மி.மீ. மேலே போனால் நடக்கும்போது கோடு குறுக்கே வரும். கீழே போனால் மோவாயைத் தூக்கித் தூக்கிப் படித்துக் கழுத்து வலிக்கும். வாங்கியபின் மூக்குத்தாங்கி தளர்ந்து கண்ணாடி இறங்கினாலும் இதே கதைதான், லென்ஸில் கோளாறு என்று நினைத்து மாற்றப் போவார்கள்.

உண்மையான குறை நடுத்தூரம். +1.25 காலத்தில் கண்ணே மீதியைச் சமாளித்துவிடும். +2.50ல் கீழ்ப்பகுதி 40 செ.மீ.க்கு, மேல்பகுதி தூரத்துக்கு, 65 செ.மீ.யில் இருக்கும் திரைக்கு இரண்டும் உதவாது. கணினியில் வேலை செய்யும் அறுபது வயதுக்காரருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம். பதினைந்து வருடம் பைஃபோக்கலில் நிம்மதியாக இருப்பவரை, கோடு பழசாகத் தெரிகிறது என்று பிள்ளைகள் வற்புறுத்தி புரோகிரஸிவுக்கு மாற்றுவதும் வேண்டாத வேலை.

புரோகிரஸிவ்

1959ல் பிரான்ஸில் பெர்னார்ட் மெய்த்தனா உருவாக்கிய வாரிலக்ஸ் வந்த பிறகுதான் கோடில்லாத கண்ணாடி பரவலாயிற்று. மேலிருந்து கீழே பவர் படிப்படியாக ஏறும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சாதாரணக் கண்ணாடி. வயதை மறைக்க விரும்புவோரின் முதல் தேர்வு. தவறாகப் போனால் மிக அதிகமாகத் திட்டு வாங்குவதும் இதுதான்.

ஒரு விதியைப் புரிந்துகொண்டால் பாதி ஏமாற்றம் குறையும். நடுவில் செங்குத்தாக ஓடும் தெளிவான பாதையில் பவர் எவ்வளவு வேகமாக ஏறுகிறதோ, பாதையை விட்டுப் பக்கவாட்டில் விலகும்போது மங்கலாக்கும் வேண்டாத சிலிண்டர் பவர் அதைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் ஏறும். கணிதத்தில் தப்பிக்க வழியில்லாத விஷயம் இது. கணினி வழி வெட்டும் புதுவகை லென்ஸ்கள் அந்த மங்கலை நல்ல இடமாகப் பார்த்து ஒதுக்குகின்றன, நீக்குவதில்லை. "பக்கவாட்டு மங்கல் அறவே இல்லை" என்கிற விளம்பரத்தை அப்படியே விட்டுவிடலாம்.

இதன் விளைவு: ஒரே நீளப் பாதையில் +1.00 கூடுதல் பவருக்கு (தூரப் பவருக்கு மேல் படிக்கச் சேர்ப்பது) இருக்கும் மங்கலைவிட +2.50க்கு இரண்டரை மடங்கு. 44 வயதில் +1.00ல் தொடங்குபவர் அதைக் கவனிக்கக்கூட மாட்டார். பவர் ஏறும்போது கூடவே பழகிக்கொண்டு போவார். வெட்கப்பட்டு 55 வரை ஓட்டிவிட்டு நேராக +2.25ல் ஏறுபவருக்கு முதல் நாளே தரை அலையடிக்கும், "எனக்கு ஒத்துக்கலை" என்று கூட்டில் போட்டு மூடிவிடுவார். தள்ளிப்போட்டதன் வட்டி இதுதான். புரோகிரஸிவ் என்று தீர்மானித்தால் சீக்கிரம் தொடங்குவதே நல்லது.

அளவெடுப்பதில் பிழைத்தால் எந்த விலையுயர்ந்த லென்ஸும் வீண். கண்மணித் தூரத்தை மூக்கின் நடுவிலிருந்து வலம், இடம் என்று தனித்தனியே எடுக்க வேண்டும். மொத்தமாக எடுத்துப் பாதியாக்குவது ஏற்காது. உயரம், தேர்ந்தெடுத்த பிரேமை முகத்தில் போட்டு, காதுக்கம்பி, மூக்குத்தாங்கி எல்லாம் சரிசெய்த பிறகு, ஆளை நேராகப் பார்க்கச் சொல்லி, கண்மணியின் நடுவில் பேனாவால் குறிக்க வேண்டும். பிரேமைக் கையில் வைத்துக்கொண்டு உத்தேசமாகக் குறிக்கும் கடையில் புரோகிரஸிவ் வாங்காதீர்கள். கண்மணியிலிருந்து கீழ்விளிம்பு வரை 18 மி.மீ.யாவது இருந்தால் நிம்மதி. ஒல்லிப் பிரேமில் படிக்கிற பகுதியே வெட்டுப்பட்டுப் போகும். பெற்றோருக்குப் பரிசளிக்கிறேன் என்று இணையத்தில் பழைய சீட்டை வைத்து புரோகிரஸிவ் வரவழைக்கும் இளையவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். கொடுப்பதானால் ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

வந்த லென்ஸில் வெள்ளை மையால் சிலுவையும் புள்ளிகளும் இருக்கும். உடனே துடைக்க விடாதீர்கள். போட்டு நேராக நின்றால் சிலுவை கண்மணி மேலேயே விழ வேண்டும். மையைத் துடைத்த பிறகும் சோதிக்க ஒரு வழி உண்டு. லென்ஸில் வாயால் ஊதி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், மயிரிழை போலச் செதுக்கிய இரண்டு சிறு குறிகள் 34 மி.மீ. இடைவெளியில் தெரியும். காதுப் பக்கக் குறியின் கீழே 20 அல்லது 2.00 என்று இருந்தால் கூடுதல் பவர் +2.00. சீட்டில் எழுதியதோடு ஒத்துப்பார்க்கலாம்.

பழக ஒன்று அல்லது இரண்டு வாரம். காலையில் எழுந்ததும் போட்டு முழுநாளும் கழற்றாமல் இருக்க வேண்டும். நடுநடுவே பழைய கண்ணாடிக்குத் தாவினால் கண் எதிலும் நிற்காது. பக்கத்தில் பார்க்க மூக்கையே அந்தப் பக்கம் திருப்ப வேண்டும். இரண்டு வாரம் கழித்தும் படிக்க மோவாயைத் தூக்க வேண்டியிருந்தால் உயரம் தாழ்ந்திருக்கிறது. தூரம் பார்க்கத் தலையைக் குனிய வேண்டியிருந்தால் உயரம் கூடியிருக்கிறது. ஒரு கண்ணை மூடினால்தான் பத்தி தெளிகிறது என்றால் கண்மணித் தூரத்தில் பிழை. இப்படிப் பெயர் சொல்லிக் கேட்டால் கடைக்காரர் "பழகிடும்" என்று அனுப்ப மாட்டார்.

நாள் முழுக்கத் திரை முன்னால் இருப்பவருக்கு 40 செ.மீ. முதல் ஒன்றிரண்டு மீட்டர் வரை மட்டும் காட்டும் அலுவலக லென்ஸ் தனியாக இருக்கிறது. திரைக்கு இது புரோகிரஸிவைவிட எவ்வளவோ மேல். போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது.

எழுபதை நெருங்கும்போது

இந்த வயதில் சிலர் திடீரென்று கண்ணாடி இல்லாமல் படிக்க ஆரம்பிப்பார்கள். "எனக்கு இளமை திரும்பிடுச்சு" என்று வீட்டில் பெருமையும் நடக்கும். பெரும்பாலும் கண்புரை. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸின் நடுப்பகுதி இறுகும்போது கண் கிட்டப்பார்வைப் பக்கம் சாய்கிறது. படிப்பு வசதியாகும், தூரம் மங்கும். மகிழ்ச்சியைக் கெடுக்க வேண்டியதில்லை, ஆனால் பரிசோதனைக்கு அழைத்துப் போக வேண்டும். சில வாரங்களில் பவர் ஏறி இறங்கினால் இரத்தச் சர்க்கரையையும் பார்க்க வேண்டும், அது நிலைப்படும்வரை புதுக் கண்ணாடி வாங்கக் கூடாது.

படிக்கட்டு அடுத்தது. பைஃபோக்கலோ புரோகிரஸிவோ, குனியாமல் கீழே பார்த்தால் படி தெரிவது படிக்கிற பகுதி வழியாக. 40 செ.மீ.க்கான பவரில் ஒன்றரை மீட்டர் கீழே இருக்கும் படியின் விளிம்பு கரைந்துவிடும். வெளியே அதிகம் நடக்கும் முதியவருக்குத் தூரத்துக்கு மட்டுமான ஒற்றைப் பவர் கண்ணாடி ஒன்று தனியாக இருக்கட்டும்.

பவரை ஏற்றச் சொல்வதற்கு முன் விளக்கைப் பாருங்கள். அறுபது வயதில் விழித்திரைக்குச் சேரும் ஒளி இருபது வயதில் சேர்வதில் மூன்றில் ஒரு பங்குதான். ஒரு மீட்டர் தள்ளி இருக்கும் சிறு மேசை விளக்கை அரை மீட்டருக்கு இழுத்தால் தாளில் நாலு மடங்கு வெளிச்சம் விழும். கண்ணுக்கு நேரே வராமல் பக்கவாட்டில், எழுதுகிற கைக்கு எதிர்ப்பக்கம் வைத்துவிட்டு அதே பத்தியைப் பழைய கண்ணாடியோடு இன்னொரு முறை படிக்கச் சொல்லிப் பார்க்கலாம்.