நான்கு கோடும் நிறைந்திருக்க நகராத டேட்டா: மலிவு விலை இணைப்பில் மூன்று ஆண்டுகள்

இந்தியாவிலிருந்து வேலை மாற்றலில் நியூ ஜெர்சிக்கு வந்திருக்கும் நண்பர் ஒருவர், "நீங்கள் வைத்திருந்த மலிவு விலை சிம் எப்படி? நானும் அதையே வாங்கிவிடட்டுமா?" என்று சென்ற வாரம் கேட்டார். ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் முடிந்திருக்க வேண்டிய கேள்வி. அரை மணி நேரம் பேசியும் என்னால் ஒரே பதிலில் நிற்க முடியவில்லை. பேசியதை ஒழுங்காக எழுதிவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

2022 மார்ச் மாதம் அந்த இணைப்புக்கு மாறினேன். அதுவரை பெரிய நிறுவனம் ஒன்றுக்கு மாதம் 75 டாலர் கட்டிக்கொண்டிருந்தேன். இங்கே ஓர் ஆண்டுக்கு முன்பணமாக 240 டாலர் கட்டினால் போதும். ஆண்டுக்கு 660 டாலர் மிச்சம் என்றால் மூன்று ஆண்டுகளில் 1,980 டாலர். இந்தக் கணக்கை நான் எளிதாக ஒதுக்கிவிட மாட்டேன். இரண்டு முறை ஊருக்குப் போன பயணச்சீட்டுச் செலவில் பெரும்பகுதியை அந்த மிச்சம்தான் சுமந்தது.

இப்படி மலிவு விலையில் இணைப்புத் தரும் நிறுவனங்களுக்குச் சொந்தமாக டவர் கிடையாது. வெரைசான், ஏடி அண்ட் டி, டி-மொபைல் ஆகிய மூன்றில் ஒன்றின் நெட்வொர்க்கை மொத்தமாக வாடகைக்கு எடுத்து, தங்கள் பெயரில் நமக்குச் சில்லறையாக விற்கிறார்கள். எனவே டவர் ஒன்றே, அலைவரிசை ஒன்றே, கைபேசியில் தெரியும் கோடுகளும் ஒன்றே. வீட்டில் இரவு 11 மணிக்குச் சோதித்தால் டேட்டா வேகம் 180 எம்பிபிஎஸ் வரை காட்டும். கடையில், கோயிலில், பிள்ளைகளின் பள்ளி வாசலில் ஒரு குறையும் இல்லை. முதல் இரண்டு மாதங்கள், ஒரே சேவைக்கு மக்கள் ஏன் மூன்று மடங்குக்கும் மேல் பணம் கட்டுகிறார்கள் என்று நான் உண்மையாகவே வியந்தேன்.

பிறகு அலுவலகத்துக்கு நேரில் வரச் சொன்னார்கள். மெட்ரோபார்க் நிலையத்தில் ரயில் ஏறி நியூயார்க் பென் ஸ்டேஷனில் இறங்க வேண்டும். காலை 8 மணி என்பது கோடைகாலக் கணக்கில் ஊரில் மாலை 5.30, அம்மா வேலை முடித்து, விளக்கேற்றுவதற்கு முன் சற்று உட்காரும் நேரம். அந்த நேரத்தில் வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசுவது எங்களுக்கு வழக்கமாயிற்று. ராவே வரை நன்றாகப் போகும். எலிசபெத்தில் படம் மங்கும். நியூவர்க்கில் குரல் துண்டு துண்டாக வரும். வட பகுதி ரயில்களில் வந்தவர்களெல்லாம் மாறி ஏறும் செகாகஸ் நிலையத்தில் எல்லாம் உறைந்து நிற்கும். அப்போதும் கைபேசியில் நான்கு கோடுகள் முழுதாக நிறைந்திருக்கும். "சிக்னல் இல்லாத எடத்துல நின்னுக்கிட்டு ஏம்ப்பா கூப்பிடுற?" என்று அம்மா கேட்பார். சிக்னல் இருக்கிறது அம்மா, டேட்டாதான் வரவில்லை என்பதை அவருக்கு எப்படி விளக்குவது?

ஒரு நாள் அதே பெட்டியில், பக்கத்து இருக்கையில், அதே நெட்வொர்க்கின் நேரடி வாடிக்கையாளரான சக பணியாளருடன் சேர்ந்து சோதித்தேன். செகாகஸில் அவருக்கு 22 எம்பிபிஎஸ், எனக்கு 0.6. மறு வாரமும் கிட்டத்தட்ட அதே இடைவெளி.

காரணம் முன்னுரிமை. எல்டிஇ எனப்படும் 4ஜி தரநிலையில் ஒவ்வோர் இணைப்புக்கும் கியூசிஐ என்ற வகை எண் உண்டு. அடிப்படை வகைகள் 1 முதல் 9 வரை. டவரில் நெரிசல் ஏற்படும்போது யாருக்கு முதலில் கொடுப்பது என்பதை இந்த வகைதான் தீர்மானிக்கிறது. 5ஜியிலும் இதே ஏற்பாடு 5கியூஐ என்ற பெயரில் தொடர்கிறது. நேரடி வாடிக்கையாளரின் டேட்டாவைவிட வாடகை நிறுவனத்தின் டேட்டாவைப் பல திட்டங்களில் ஒரு படி கீழே வைக்கிறார்கள். கோயிலில் தர்ம தரிசன வரிசையும் கட்டண வரிசையும் இருப்பதைப் போன்றது இது. கூட்டமில்லாத நாளில் இரண்டு வரிசையிலும் ஒரே நேரத்தில் சந்நிதியை அடையலாம். வைகுண்ட ஏகாதசி அன்றுதான் வேறுபாடு தெரியும். செகாகஸ் நிலையத்துக்கு ஒவ்வொரு வேலை நாளின் காலையும் வைகுண்ட ஏகாதசிதான். கோடுகளை நம்பிப் பயனில்லை. அவை டவரின் அலை நம்மை எவ்வளவு வலுவாக எட்டுகிறது என்பதை மட்டுமே சொல்கின்றன. அந்த டவரில் நமக்கு மிஞ்சுவது எவ்வளவு என்பதைச் சொல்வதில்லை.

அமெரிக்காவின் மத்தியத் தகவல் தொடர்பு ஆணையம் 2022 நவம்பரில் வெளியிட்ட புதிய அகலக்கற்றை வரைபடத்தில் என் ரயில் பாதை முழுவதும் சேவை உண்டு என்று நிறம் தீட்டப்பட்டிருக்கிறது. அதில் பொய்யில்லை. ஆனால், அந்த வரைபடத்துக்கு அடிப்படையான 2020ஆம் ஆண்டுச் சட்டம், டவரின் சுமை குறைந்தது 50 விழுக்காடு என்று கொண்டு கணக்கிட்டாலே போதும் என்கிறது. பாதி நிறைந்த டவருக்குப் போட்ட கணக்கைக் கொண்டு, பிதுங்கி வழியும் டவரின் கீழ் நிற்பவர் எதைத் தெரிந்துகொள்ள முடியும்?

எனக்கு உண்மையில் கோபம் வருவது இதன்மேல்தான். மலிவாகக் கொடுப்பவர் வரிசையில் பின்னால் நிற்கச் சொல்வது நியாயமே. அதை வாங்கும்போதே கண்ணில் படும்படி சொல்லாமலிருப்பதுதான் நியாயமில்லை. 2024 ஏப்ரல் முதல், உணவுப் பொட்டலத்தின் சத்து அட்டவணையைப் போல இணையச் சேவைக்கும் கட்டணம், வழக்கமான வேகம் ஆகியவற்றை எழுதிய முகப்புச்சீட்டு ஒன்று கட்டாயமாகியிருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால், என் நிறுவனத்தின் சீட்டில் வேகம் பெரிய எண்ணில் இருந்தது. நெரிசல் நேரத்து நடைமுறைக்கு ஓர் இணைப்பு மட்டும் அடியில் இருந்தது. அதைத் திறந்து, பல பத்திகளைக் கடந்த பிறகே "தற்காலிகமாக வேகம் குறையலாம்" என்ற வரி வந்தது. வாடிக்கையாளர் சேவையில் மூன்று முறை முறையிட்டேன். மூன்று முறையும் கைபேசியை அணைத்துப் போடச் சொன்னார்கள்.

இதற்கிடையே எதிர்பாராத நன்மை ஒன்றையும் சொல்ல வேண்டும். டேட்டா முற்றிலும் உறைந்த அதே இடத்தில், சாதாரணத் தொலைபேசி அழைப்பு கண்ணாடிபோல் தெளிவாக இருந்தது. இந்நாட்டின் மூன்று பெரிய நிறுவனங்களும் 2022-க்குள் 3ஜியை நிறுத்திவிட்டதால், இப்போது குரல் அழைப்பும் பெரும்பாலும் வோல்டிஇ என்ற முறையில் 4ஜி வழியாகத்தான் செல்கிறது. ஆனால், அதற்குரிய வகை எண் 1. குறைந்தபட்ச வேகம் உறுதி செய்யப்பட்ட தனிப்பாதை அது. மலிவு இணைப்பென்று அங்கே யாரும் பின்னுக்குத் தள்ளப்படுவதில்லை. இதை அறிந்தபின், உள்ளூர் எண் ஒன்றை அழைத்து அதன் வழியே ஊருக்குப் பேசும் பழைய காலிங் கார்டு முறைக்குத் திரும்பினேன். ஏறத்தாழ ஓராண்டு காலம் செகாகஸில்கூட அம்மாவின் குரல் ஒரு சொல் குறையாமல் வந்தது. அந்தத் தெளிவைக் கேட்டபோதெல்லாம் இந்த இணைப்பின்மேல் எனக்கிருந்த வருத்தம் முழுவதும் கரைந்துபோனதும் உண்மை.

கேட்ஸ்கில் மலைப்பகுதிக்குச் சென்றபோது என் கைபேசி பல மைல்களுக்கு ஊமையாக இருந்தது. பிற நிறுவன டவர்களில் ரோமிங் செய்யும் வசதி என் திட்டத்தில் இல்லை. ஆண்டுக்கு ஒரு முறை என்பதால் அதை நான் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

இவ்வளவையும் கூட்டிக் கழித்தால், இந்த இணைப்பு கொடுத்த பணத்துக்கு மேலாகவே உழைத்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனாலும் 2025 மார்ச்சில் நான் அதைப் புதுப்பிக்கவில்லை. அந்த மாதம் அம்மாவுக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை முடிந்து, கட்டு அவிழ்த்த மறுநாள், உன் முகம் எப்படித் தெரிகிறதென்று பார்க்க வேண்டும் என்று அவரே காணொளியில் அழைத்தார். ரயில் நியூவர்க்கைத் தாண்டியிருந்தது. படம் கட்டம் கட்டமாகச் சிதறி நின்றது. "கண்ணு இன்னும் சரியாகலையோ" என்று அவர் தமக்குள் சொல்லிக்கொண்டது மட்டும் எனக்குக் கேட்டது. அன்று இரவே அதே எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்வதற்கான ரகசிய எண்ணைப் பெற்று, முன்னுரிமை உள்ள 60 டாலர் திட்டத்துக்கு மாறிவிட்டேன்.

நண்பரிடம் கடைசியில், வாங்க வேண்டாம் என்றே சொன்னேன். அவர் காரில் வேலைக்குச் செல்பவர், இந்தத் தொல்லை அவருக்கு வராமலே போகலாம் என்பது தெரிந்துதான் சொன்னேன். அவர் விரும்பினால் ஒரு மாதத் திட்டம் எடுத்து, தாம் வழக்கமாக இருக்கும் இடத்தில் காலை எட்டு மணிக்குச் சோதித்துப் பார்க்கட்டும். இப்போது செகாகஸைத் தாண்டும்போது படம் நிற்பதில்லை. மாதம் 60 டாலர் என்பது எனக்கு இன்றும் அதிகமாகத்தான் தோன்றுகிறது.