என்சிகேஎஸ்: கொட்டியாரக் குடாவை மட்டும் வெட்டி எடுக்க

திருகோணமலைக் கடலின் மேற்பரப்பு வெப்பநிலை வேண்டுமென்று நாசாவின் எம்யூஆர் தரவுக்குப் போனால், முதலில் மிரட்டுவது கோப்பின் பருமன். நாளுக்கொரு நெட்சிடிஎஃப் (அறிவியல் தரவுகளுக்கான கோப்பு வடிவம்) கோப்பு, 0.01 பாகை இடைவெளியில் 36,000 × 17,999 கட்டங்கள், கிட்டத்தட்ட 65 கோடி. கொட்டியாரக் குடாவுக்கும் துறைமுகத்துக்கும் சுமார் 2,000 கட்டங்கள் போதும். அதை வெட்டி எடுக்க, நெட்சிடிஎஃப் கோப்புகளைக் கையாளும் என்சிஓ கட்டளைத் தொகுதியிலுள்ள என்சிகேஎஸ் அருமையான கட்டளை. இலவசம், பைதன் தெரியாதவரும் பாவிக்கலாம்.

முதலில் கோப்பின் விவரங்களைக் காட்டும் என்சிடம்ப் கட்டளையை மைனஸ் எச் தெரிவோடு ஓட்டி, மாறிகளின் பெயர்களைப் பாருங்கள். பிறகு என்சிகேஎஸ்ஸில் மைனஸ் வி-க்குப் பின் மாறிகள், மைனஸ் டி-க்குப் பின் எல்லைகள்: அகலாங்கு 8.3 முதல் 8.8, நெட்டாங்கு 81.1 முதல் 81.5. வெப்பநிலையோடு மாஸ்க் மாறியையும் எடுங்கள். அதில் 1 கடல், 2 தரை. உள்துறைமுகம் போன்ற நெளிந்த கரையில் இது இல்லாமல் முடியாது.

பலர் சறுக்குவது தசமப் புள்ளியில். 8.0 என்றால் எட்டுப் பாகை. வெறும் 8 என்றால் வரிசை எண். எம்யூஆரின் அகலாங்கு தென்முனையிலிருந்து தொடங்குவதால், புள்ளியில்லாத 8 உங்களை அந்தாட்டிக்காவில் கொண்டுபோய் விடும். பிழைச்செய்தி வராது, கோப்பும் உருவாகும், உள்ளே எல்லாம் வெற்று. இந்த வடிவமைப்பு எனக்குப் பிடிக்கவே இல்லை.

வெட்டிய கோப்பிலும் எண்கள் பொதித்தபடியே, அதாவது இடம் மிச்சம்பிடிக்கச் சிறிய முழு எண்களாக மாற்றியபடியே இருக்கும். 4000 என்று கிடந்தால் 0.001-ஆல் பெருக்கி 298.15-ஐக் கூட்டவேண்டும்: 302.15 கெல்வின், அதாவது 29 பாகை செல்சியஸ். பொதி அவிழ்க்க என்சிபிடிகியூ கட்டளைக்கு மைனஸ் பெரிய யூ கொடுங்கள்.

வேகத்தில் மாயமில்லை. சுருக்கப்பட்ட கோப்பு துண்டு துண்டாகச் சேமிக்கப்பட்டிருக்கும். ஒரு புள்ளி கேட்டாலும் அது கிடக்கும் துண்டு முழுவதும் அவிழ்க்கப்படும். துண்டின் அளவைக் காண என்சிடம்ப்புக்கு மைனஸ் எஸ்-ஐயும் சேருங்கள். இணையச் செலவு மிச்சமாக, கோப்புப் பெயர் இருக்கும் இடத்தில், கேட்ட பகுதியை மட்டும் இணையம்வழி அனுப்பும் ஓபன்டாப் சேவையின் முகவரியைக் கொடுக்கவேண்டும். முழுக் கோப்பையும் இறக்கிவிட்டு வெட்டினால் வன்தட்டு இடம்தான் மிஞ்சும். நாசாவின் எர்த்டேட்டா கணக்கு விவரம், உங்கள் கணினியில் கடவுச்சொற்களை வைக்கும் நெட்ஆர்சி கோப்பில் இல்லாவிட்டால் வழங்கி மறுத்துவிடும்.

ஒரு வருடக் கோப்புகளைக் கோர்க்க என்சிஆர்கேட் இருக்கிறது. அதே மைனஸ் வி, மைனஸ் டி தெரிவுகளை ஏற்கும். ஆனால் நேரப் பரிமாணம் வளரக்கூடியதாக இருக்கவேண்டும். இல்லையென்றால் முதலில் என்சிகேஎஸ்ஸால் அதைப் பதிவுப் பரிமாணமாக மாற்றுங்கள்.

சராசரி, வரைபடம் என்று போனால் என்சிகேஎஸ் கைகொடுக்காது, பைதன் நூலகமான எக்ஸ்அரேதான். ஈஆர்ஏ5 என்ற வானிலைத் தரவுக் கோப்புகளை அதில் திறப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: அங்கே அகலாங்கு வடக்கிலிருந்து தெற்காக இறங்கும். எல்லைகளைக் குறிக்கும் ஸ்லைஸில் பெரிய எண்ணை முதலில் எழுதவேண்டும். மாற்றி எழுதினால் சத்தமில்லாமல் பூச்சிய நீளம்தான் வரும்.